மெஷினுக்குக் காசு இருக்கு, வயருக்கு இல்லையா?

ஒரு குடிபூரலுக்கு முதல்நாள் பின்னேரம். அண்ணா பின்வளவுத் தகரக் கொட்டிலுக்குள் ஒரு கேற் ஒட்டிக்கொண்டு நின்றார். விடிய ஏழு மணிக்கு முதல் கொண்டுபோய்ப் பூட்டிக் குடுக்க வேணும். குசினிக்குள் இருந்த 15 அம்பியர் வட்ட முள்ளு பிளக்கில் இருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் ஜன்னலால் வெளியே போய், கொட்டில் வாசலில் பாதி சுருளாகக் கிடந்தது. அது முழுக்க 25 மீற்றர் வயர். எங்களுக்குத் தேவை பத்துப் பன்னிரண்டு மீற்றர்தான். மிச்சத்தை என்ன செய்யிறது, சுருட்டி வைச்சாச்சு.

அம்மா தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டா. கொஞ்ச நேரத்தில் றப்பர் கருகிற மணம். அம்மா எதையும் தேடிக்கொண்டு நிற்கவில்லை, நேரே போய் மெயின் சுவிட்சை நிப்பாட்டினா. பிறகு பார்த்தால், சுருட்டி வைத்த வயரின் நடுப்பகுதி ஒண்டோடொண்டு ஒட்டிக் களியாகிப் போயிருந்தது. குசினிப் பிளக்கின் வெள்ளை முகம் பழுப்பாகி, பின்னால் சுவரில் ஒரு கறுப்புக் கோடு. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேற் ஒரு நாள் பிந்திப் போனது, ஏச்சும் வாங்கினது. அவ்வளவுதான் நட்டம்.

ஆனால் அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம், ரெண்டு கிழமைக்கு முதல் நடந்த ஒரு விஷயம். அந்தப் பிளக் லைனின் பிரேக்கர் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. "பிரேக்கர் பழுது போல" எண்டு அண்ணா 20 அம்பியரைக் கழற்றிப்போட்டு 32 அம்பியர் ஒன்றைப் போட்டார். அதுக்குப் பிறகு விழவில்லை. எல்லாருக்கும் சந்தோசம். பக்கத்தில் நின்று ரோர்ச் பிடித்தது நான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நான். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கிற வெப்பம் நாலு மடங்கு எண்டு எத்தனை பாஸ்ட் பேப்பரில் எழுதியிருப்பன்! அந்தச் சமன்பாடு எங்கட குசினிச் சுவருக்குள்ளும் இருக்குதெண்டு ஒருநாளும் யோசிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்து எழுதுறது. எங்கட ஊர்களில் வீட்டோடு வேலைத்தளம் வைத்திருக்கிற இளம் ஆக்கள் கன பேர். வெல்டிங், மரவேலை, அலுமினியம் பொருத்துறது, தையல், மோட்டர் சைக்கிள் திருத்துறது. எல்லாரும் தொடங்குவது ஒரு மெஷினோடு. பிறகு ரெண்டாவது, மூண்டாவது. மெஷின் கூடுது. வயர் மட்டும் வீடு கட்டினபோது போட்ட அதே வயர். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மெஷினின் விலை எண்டு நாங்கள் கணக்குப் போடும்போது, அதுக்குக் கறண்ட் கொண்டுவாற வழியின் விலையையும் சேர்த்தே போட வேணும். அது பிறகு பார்க்கிற செலவு இல்லை.

சமாளிக்கிற பழக்கம்

எங்கட அப்பா அம்மாவின் தலைமுறை கறண்டே இல்லாமல் வருசக்கணக்கில் வாழ்ந்தது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோவில் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் மோட்டர் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, இருக்கிறதை வைத்துச் சமாளிக்கிறது ஒரு கெட்டித்தனம். அது கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் வேறு வழியே இருக்கவில்லை.

ஆனால் டைனமோவில் இருந்து வந்தது சில வோல்ட். சுவருக்குள் இருந்து வாறது 230 வோல்ட். அதுக்குச் சமாளிப்புத் தெரியாது. பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி கட்டுறது, பிளக் இல்லாமல் ரெண்டு வயரையும் நெருப்புக்குச்சியால் இறுக்கிறது, எர்த் வயரை வெட்டி விடுறது, "சின்ன ஷொக் தானே, பழகீட்டுது" எண்டு சிரிக்கிறது. இதெல்லாம் ஆயிரம் தரம் ஒன்றும் செய்யாது. ஆயிரத்து ஓராவது தரம் என்ன நடக்கும் எண்டு தெரியாது.

பிரேக்கர் ஆருக்குக் காவல்?

அடுத்த நாள் வந்த வயரிங் அண்ணை பெட்டியைத் திறந்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "இந்த 32ஐப் போட்டது ஆர்?" அண்ணா தலையைச் சொறிந்தார். அவர் சொன்னார்: "தம்பி, பிரேக்கர் காவல் நிக்கிறது உம்மட மெஷினுக்கு இல்லை. வயருக்கு. காவல்காரனை மாத்திப்போட்டுக் களவு நிண்டிட்டுது எண்டு சந்தோசப்படக்கூடாது."

இதை விளங்கிக்கொண்டால் பாதி விஷயம் முடிந்தது. எங்கட வீடுகளில் பிளக் லைனுக்குப் பொதுவாகப் போடுறது 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர். கடையில் 7/0.67 எண்டு கேட்டு வாங்குவார்கள். பைப்புக்குள்ளால் போகும்போது 30 பாகை வெப்பத்தில் அது 24 அம்பியர் மட்டில் தாங்கும். சுற்றுச்சூழல் 40 பாகையானால் அது 21 அம்பியருக்கு இறங்கும். மத்தியான வெயிலில் எங்கட கூரைக்குக் கீழே 40 பாகை பெரிய விஷயமே இல்லை. ஆகவேதான் அதுக்கு 20 அம்பியர் பிரேக்கர்.

இப்ப எங்கட வீட்டுக் கணக்கைப் பாருங்கோ. வெல்டிங் பிளான்ட் 22 அம்பியர், கேத்தல் 8 அம்பியர், எல்லாம் ஒரே லைனில். மொத்தம் 30. இருபத்தொண்டு தாங்கிற வயரில் 30 ஓடினால் வெப்பம் இரண்டு மடங்கு. 20 அம்பியர் பிரேக்கர் இருந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் விழுந்திருக்கும். 32 அம்பியர் பிரேக்கருக்கு 30 ஒரு சுமையே இல்லை, அது 36 அம்பியரில் கூட ஒரு மணித்தியாலம் விழாமல் நிற்கும். அண்ணா பழுதெண்டு நினைத்துக் கழற்றினது, தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்த ஒரு பொருளை.

சில வீடுகளில் ரிங் முறையில் வயர் போட்டு 32 அம்பியர் பிரேக்கர் போட்டிருப்பார்கள். அது வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு பக்கத்தாலும் கறண்ட் வரும். உங்கட வீட்டில் எது எண்டு தெரியாமல் ஒன்றையும் மாற்றவேண்டாம்.

இன்னொன்று. எங்கட குசினியில் இருந்த வட்ட முள்ளு பிளக்குக்குள் பியூஸ் இல்லை. இப்ப நாட்டின் தரமாக இருக்கிற 13 அம்பியர் சதுர முள்ளு பிளக்குக்குள் பியூஸ் இருக்கு. அது ஒரு கடைசிக் காவல். அடாப்டர் போட்டு வட்டத்தைச் சதுரத்துக்குள் செருகினால் அந்தக் காவலுக்கும் நிச்சயம் இல்லை.

முதல்ல ஒரு கொப்பியும் பேனையும்

கறண்ட் கூட்டவேணும் எண்டால் எல்லாரும் முதல் யோசிக்கிறது எத்தனை பிளக் போடலாம் எண்டு. முதலில் செய்யவேண்டியது எண்ணுறது. ஒவ்வொரு மெஷினின் தகட்டிலும் வாட் அல்லது அம்பியர் எழுதியிருக்கும். வாட்டை 230ஆல் பிரித்தால் அம்பியர் மட்டுக்கட்டாக வரும்.

வெல்டிங் பிளான்ட்டில் கவனம். "200" எண்டு பெரிசாக எழுதியிருப்பது கம்பியில் போகிற கறண்ட், சுவரில் இருந்து இழுக்கிறது இல்லை. 2.5 மில்லிமீற்றர் கம்பியை 80 அம்பியரில் ஒட்டினால் சாதாரண இன்வேர்ட்டர் பிளான்ட் சுவரில் இருந்து 15 அம்பியர் மட்டில் இழுக்கும். 3.2 மில்லிமீற்றர் கம்பியை 120 அம்பியரில் ஒட்டினால் 22 அம்பியர் மட்டில். முதலாவதே 13 அம்பியர் பிளக்குக்குக் கூட. ரெண்டாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதுக்குத் தனி லைனும் பெரிய சொக்கெற்றும் வேணும். நாலு அங்குல கிரைண்டர் 4 அம்பியருக்குள் அடங்கும். 14 அங்குலக் கட்டர் 10 அம்பியரை எட்டும். ரெண்டு குதிரைவலுக் கொம்பிறஷர் ஓடும்போது 10 அம்பியர் மட்டில், ஆனால் ஸ்டார்ட் ஆகிற கணத்தில் அதைப்போல ஐந்து ஆறு மடங்கு. அதனால்தான் மோட்டர் இருக்கிற லைனுக்கு "சி" வகைப் பிரேக்கர் போடச் சொல்வார்கள். "பி" வகை, எழுதியிருக்கிற அளவைப்போல 3 தொடக்கம் 5 மடங்கில் உடனே விழும். "சி" வகை 5 தொடக்கம் 10 மடங்கில். ஆகவே கொம்பிறஷர் தொடங்கிறபோது பிரேக்கர் விழுந்தால், அம்பியரைக் கூட்டிறதுக்கு முதல் வகையைப் பாருங்கோ.

எண்ணி முடிந்த பிறகு மறுபக்கம். மீற்றருக்கு எவ்வளவு வருது? சிங்கிள் பேஸ் 30 அம்பியர் இணைப்பு எண்டால் மொத்தமே 6,900 வாட். பழைய வீடுகளில் 15 அம்பியர் இணைப்பும் இருக்கு. எங்கட வீட்டில் வெல்டிங் 22, கேத்தல் 8, தண்ணி மோட்டர் 5, பிரிட்ஜும் பேனும் லைற்றும் சேர்த்து 3. கூட்டினால் 38. வந்துகொண்டிருக்கிறது 30. இந்தக் கணக்கில் ஒரு பிளக்கைக் கூட்டி என்ன பிரயோசனம்?

இதுக்கு ரெண்டு வழி. ஒன்று, நேரத்தைப் பிரிக்கிறது. ஒட்டுற நேரம் மோட்டர் போடக்கூடாது எண்டு வீட்டில் ஒரு ஒழுங்கு வைக்கிறது. இதுக்குக் காசு தேவையில்லை, ஆனால் எல்லாரும் கடைப்பிடிக்கவேணும். மற்றது, மின்சாரம் வழங்குற நிறுவனத்திடம் விண்ணப்பித்து 30 அம்பியர் த்ரீ பேஸ் எடுக்கிறது. ஒவ்வொரு பேஸிலும் 30 அம்பியர். வீட்டை ஒன்றிலும் வேலைத்தளத்தை மற்ற ரெண்டிலும் பிரிக்கலாம். மீற்றரும் அதற்கு முன்னால் இருக்கிற சீல் வைத்த பகுதியும் எங்கட சொத்து இல்லை. அதில் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது.

கொட்டில் தூரத்தில் இருக்கு

எங்கட வளவுகளில் வேலைத்தளம் எப்பவும் பின்னால்தான். சத்தம், புகை, பொறி. வீட்டுக்கும் கொட்டிலுக்கும் இடையில் இருக்கிற தூரத்துக்கும் ஒரு விலை இருக்கு.

எங்கட எக்ஸ்டென்ஷன் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர், 25 மீற்றர். 22 அம்பியர் ஓடும்போது வயருக்குள்ளேயே கிட்டத்தட்ட 16 வோல்ட் தொலையும். வயரிங் விதிகளில் மெஷின்களுக்கு அனுமதிக்கிற வீழ்ச்சி 5 சதவீதம், அதாவது பதினொன்றரை வோல்ட். தொலைகிற 16 வோல்ட்டை 22 அம்பியரால் பெருக்குங்கோ: 350 வாட்டுக்கு மேல். அவ்வளவும் வெப்பம். நேராக விரித்திருந்தால் காற்றில் ஆறும். சுருட்டி வைத்தால் உள்ளுக்குள் அடைபட்டு உருகும். எங்களுக்கு நடந்தது அதுதான். எக்ஸ்டென்ஷன் பாவிக்கத்தான் வேணும் எண்டால், கடைசி மீற்றர் வரை விரித்துப்போட்டுப் பாவியுங்கோ. காசில்லாத பாதுகாப்பு இது.

வோல்ட் குறைந்தால் மோட்டருக்கும் கேடு. இழுக்க மாட்டாமல் கூடக் கறண்ட் எடுத்துச் சூடாகும், கடைசியில் கொயில் எரியும். பிறகு "மெஷின் சரக்குச் சரியில்லை" எண்டு கடைக்காரனோடு சண்டை. பாதித் தரம் பிழை மெஷினில் இல்லை, அதுக்குப் போன வயரில்.

இதே 25 மீற்றருக்கு 6 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டால் தொலைகிறது 4 வோல்ட்தான். வயரிங் அண்ணை எங்களுக்குச் செய்ததும் அதுதான். மெயின் பெட்டியில் கொட்டிலுக்கெண்டு தனிப் பிரேக்கர். அங்கிருந்து கவசமிட்ட கேபிள், மண்வெட்டி படாமல் ரெண்டடி ஆழத்தில். கொட்டிலுக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதில் வெல்டிங்குக்கு ஒரு லைன், பிளக்குகளுக்கு ஒரு லைன், லைற்றுக்கு ஒரு லைன். லைற்றை ஏன் தனியாக வைக்கவேணும் எண்டு நான் கேட்டன். "கட்டர் சுத்திக்கொண்டிருக்கேக்க பிரேக்கர் விழுந்தா, மோட்டர் நிண்டாலும் பிளேட் கொஞ்ச நேரம் சுத்தும் தங்கச்சி. அந்த நேரம் இருட்டில நிப்பியளோ?"

எர்த்தும் டிரிப் சுவிட்சும்

இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும்.

எங்கட நாட்டில் வீட்டு எர்த் எண்டது எங்கட வளவுக்குள் நாங்கள் அடித்த கம்பி. அந்தக் கம்பியும் மண்ணும்தான் வழி. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 50 ஓம் தடை இருக்குதெண்டு வைப்பம். மெஷினின் உடம்பில் லைவ் பட்டால் எர்த்தால் ஓடுறது 230ஐ 50ஆல் பிரித்தது: நாலரை அம்பியர் மட்டில். 20 அம்பியர் பிரேக்கருக்கு நாலரை அம்பியர் ஒரு கிரைண்டர் ஓடுற மாதிரி. அது விழவே விழாது. மெஷினின் உடம்பு உயிரோடு இருக்கும், ஆராவது வந்து தொடுமட்டும்.

அந்த இடத்தில் காப்பாற்றுறது டிரிப் சுவிட்ச் ஒன்றுதான். போன கறண்டும் திரும்பி வந்த கறண்டும் 30 மில்லி அம்பியர், அதாவது ஒரு அம்பியரில் நூறில் மூன்று பங்கு வித்தியாசப்பட்டாலே அது விழும். ஆகவே "எங்கட வீட்டில பிரேக்கர் எல்லாம் இருக்கு" எண்டது பதில் இல்லை. டிரிப் சுவிட்ச் இருக்கா, வேலை செய்யுதா?

வேலை செய்யுதா எண்டு பார்க்க ஒரு பொத்தான் அதிலேயே இருக்கு. மாதம் ஒருக்கா அழுத்தவேணும். விழுந்தால் நல்லது. விழாவிட்டால் அண்டைக்கே மாற்றவேணும். இந்தக் கட்டுரையை வாசிக்கிற எத்தனை பேர் அதை ஒருக்காலாவது அழுத்தியிருக்கிறியள்? நான் அந்தச் சம்பவத்துக்கு முதல் அழுத்தினதில்லை.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பொத்தான் டிரிப் சுவிட்ச்சின் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கும். எர்த் கம்பி நல்லா இருக்கா எண்டு அது சொல்லாது. வலிகாமத்தில் பல இடங்களில் ரெண்டு மூண்டு அடி மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கம்பி ஆழமாகப் போகாது. கோடையில் மேல்மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். அதை மீற்றர் வைத்து அளக்கத் தெரிந்த ஒருவரைக்கொண்டு அளப்பிக்கவேணும். மழைக்காலத்தில் இல்லை, காய்ஞ்ச காலத்தில்.

வேலைத்தளத்துக்கு டிரிப் சுவிட்ச் தனியாக இருப்பது நல்லது. வீட்டுக்கும் கொட்டிலுக்கும் ஒன்றே எண்டால், ஈரக் கிரைண்டர் ஒன்றால் முழு வீடும் இருளும். ரெண்டு தரம் அப்படி நடந்தால் ஆராவது ஒருத்தர் "இந்தச் சனியனைக் கழற்றி நேர கொடு" எண்டு சொல்லுவார். இப்படித்தான் கன வீடுகளில் டிரிப் சுவிட்ச் காணாமல் போனது.

கறண்ட் போய்த் திரும்பி வரேக்க

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டினதை ஆரும் மறந்திருக்க மாட்டியள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் புகுந்து நாடு முழுக்க இருட்டானதும் ஞாபகம் இருக்கும். சிரித்து மீம் போட்டம். வேலைத்தளத்தில் அது சிரிப்பு இல்லை. கறண்ட் போகிறது, நீங்கள் கட்டரின் சுவிட்சை நிப்பாட்ட மறந்து வெளியே போகிறியள். திரும்பி வரும்போது மெஷின் தானே தொடங்கும். அந்த நேரம் பிளேட்டுக்குப் பக்கத்தில் தம்பியோ பூனையோ நிற்கலாம்.

நிரந்தரமாகப் பூட்டுகிற கட்டர், அரம், றவுட்டர் மேசைகளுக்கு, கறண்ட் போனால் தானே விழுந்து, கையால் அழுத்தினால் மட்டும் தொடங்கிற சுவிட்ச் விற்பனையில் இருக்கு. மெஷினோடு ஒப்பிட்டால் அது பெரிய காசில்லை.

ஜெனரேற்றரைப் பற்றியும் ஒரு சொல். ரெண்டு பக்கமும் முள்ளு வைத்த வயரால் ஜெனரேற்றரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்குக் கறண்ட் குடுக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். மெயின் சுவிட்சை நிப்பாட்ட மறந்தால் அந்தக் கறண்ட் வெளி லைனுக்குப் போகும், ட்ரான்ஸ்போமரில் பல மடங்காகும். தூணில் ஏறி உங்களுக்காக லைன் திருத்திக்கொண்டிருக்கிற மனிசன் அதில்தான் கை வைப்பார். இதுக்கெண்டு மாற்றுச் சுவிட்ச் இருக்கு. ஒன்றைப் போட்டால் மற்றது தானாக விடுபடும்.

"அதுக்கெல்லாம் எங்க காசு?"

இதை எழுதும்போது எனக்கு நல்லாத் தெரியும், கீழே வாற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. அண்ணா வெல்டிங் பிளான்ட் எடுத்தது சீட்டுக் காசில். அதில் கேபிளுக்கு மிச்சம் வைக்க முடியாது எண்டு அவர் நினைத்தார். பிழை அவரில் மட்டும் இல்லை.

போருக்குப் பிறகு எங்கட பக்கம் வாழ்வாதார உதவி எண்டு எத்தனை மெஷின் வந்தது! மேடை போட்டு, மாலை போட்டு, படம் எடுத்து மெஷின் குடுப்பார்கள். சுயதொழில் கடனும் அப்படித்தான். நான் பார்த்த விண்ணப்பப் படிவங்களில் மெஷினின் விலை எழுத ஒரு கட்டம் இருந்தது, விலைச்சிட்டை இணைக்கச் சொன்னது. அந்த மெஷினை எந்தப் பிளக்கில் போடப்போறாய் எண்டு ஒரு கேள்வியும் இல்லை. மூன்று லட்சத்துக்கு மெஷின் குடுக்கிற ஆக்கள் அதில் பத்தில் ஒரு பங்கை வயரிங்குக்கு ஒதுக்கிக் குடுத்தால் என்ன? குடுத்த மெஷின் எரியாமல் இருந்தால் அவர்களின் திட்டத்துக்கும் நல்லதுதானே.

மற்றப் பக்கம், எங்களுக்கும் ஒரு பயம் இருக்கு. "வேலைத்தளம் எண்டு சொன்னால் பில் ஏறிடும்" எண்டு வீட்டு மீற்றருக்குள்ளேயே ஒளிந்து வேலை செய்கிறம். பில்லை எடுத்துப் பாருங்கோ. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுறது, 180 அலகுக்கு மேலே போனால் உச்சப் படி. சிறு கைத்தொழிலுக்கெண்டு வேறு கட்டணப் பிரிவு இருக்கு. அண்மைக்கால அட்டவணைகளில் அதன் அலகு விலை வீட்டின் உச்சப் படியைவிடக் குறைவு. உங்கட அலகுகளை வைத்து ரெண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கோ. ஒளிக்கிறது லாபம் எண்டு நினைத்தது நட்டமாகவும் இருக்கலாம். ஒளிக்கிற வரைக்கும் நல்ல வயரிங் ஆளைக் கூப்பிடவும் கூச்சப்படுவம், கூடக் கறண்ட் கேட்டு விண்ணப்பிக்கவும் மாட்டம்.

காசு உண்மையிலேயே இல்லையெண்டால் படிப்படியாகச் செய்யலாம். இண்டைக்கு: டிரிப் சுவிட்ச் பொத்தானை அழுத்துறது, எக்ஸ்டென்ஷனை விரிக்கிறது, பழுப்பான பிளக்கைப் பாவிக்காமல் விடுறது, சேர்த்துப் போடக்கூடாத மெஷின்களின் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுறது. இந்த மாதம்: டிரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் போடுறது, எர்த்தை அளக்கிறது. அடுத்த ஓடர் காசில்: கொட்டிலுக்குத் தனிக் கேபிள். அதுக்குப் பிறகு த்ரீ பேஸ். இந்த வரிசையை மாற்றவேண்டாம். எர்த்தும் டிரிப்பும் சரியில்லாமல் கறண்டைக் கூட்டுறது, பிரேக் இல்லாத மோட்டர் சைக்கிளுக்குப் பெரிய எஞ்சின் பூட்டுற மாதிரி.

கணக்குப் போடுறது நீங்கள். வயரை முறுக்கிறது தகுதியுள்ள ஆள், என்விகியூ சான்றிதழ் இருக்கிறவரைப் பார்த்துக் கூப்பிடுங்கோ. யூடியூப் பார்த்துப் பெட்டியைத் திறக்கிற ஆசை எனக்கும் வந்தது. ஆனால் யூடியூப்காரன் எங்கட எர்த்தை அளக்கவில்லை.

அண்ணா அந்தக் கேபிள் வேலைக்கு ரெண்டு கேற்றின் லாபத்தைக் குடுத்தார். முதலில் முகம் சுளித்தார். இப்ப கம்பி ஒட்டேக்க வெளிச்சம் குறையிறதில்லை, ஒட்டும் சுத்தமாக விழுது எண்டு அவரே சொல்லுறார். கொட்டில் சுவரில் என்ர கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கு: எந்த மெஷின் எத்தனை அம்பியர், எதையும் எதையும் சேர்த்துப் போடக்கூடாது எண்டு. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி டிரிப் சுவிட்சை அழுத்துறது அம்மாவின் வேலை. அண்டைக்கு மெயினை நிப்பாட்டினவவுக்கே அந்தப் பொறுப்பைக் குடுத்தம்.

உருகின வயர் இன்னும் கொட்டில் ஆணியில் தொங்குது. கறண்ட் கூட்ட யோசிக்கிற கூட்டாளிமார் ஆர் வந்தாலும் அண்ணா முதல் அதைத்தான் எடுத்துக் காட்டுறார்.